புது கிளவுடுக்கு ஆதரவு சேர்க்கும் மாணவர் திட்டம்: எங்கே தொடங்குவது, எப்படி முடிப்பது

கிளவுடில், அதாவது இணையம் வழியாகக் கணினிகளை வாடகைக்குத் தரும் சேவையில், புது சர்வர் ஒன்றைத் தொடங்கும் பொத்தானை அழுத்துகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே நுழைய முடிகிறது. தொலைவிலிருந்து நுழைய உதவும் உங்கள் எஸ்எஸ்எச் சாவி அங்கே இருக்கிறது, நீங்கள் கொடுத்த பெயர் இருக்கிறது, ஐபி முகவரியும் அமைந்திருக்கிறது. ஆனால் அந்த சர்வர் எழுந்தது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொது இமேஜிலிருந்து (இயங்குதளம் தயாராக நிறுவப்பட்ட வட்டு நகல்). அதே இமேஜிலிருந்து அதே நேரத்தில் வேறு பலருடைய சர்வர்களும் எழுந்திருக்கும். கண் விழிக்கும்போது தான் யாருடையது என்று அதற்குத் தெரியாது. நான் எங்கே இருக்கிறேன், என் பெயர் என்ன, யாரை உள்ளே விட வேண்டும் என்று ஒவ்வொன்றாக விசாரித்துத்தான் தெரிந்துகொள்கிறது.

உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சூசே என்று பல லினக்ஸ் வகைகளில் இந்த விசாரணையைச் செய்வது கிளவுட்-இனிட் என்னும் பைத்தான் மென்பொருள். கனானிக்கல் நிறுவனத்தில் உபுண்டுக்காகத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. ஒவ்வொரு கிளவுடும் தன் தகவலை ஒவ்வொரு விதமாகக் கொடுப்பதால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு கோப்பு உண்டு. அதை டேட்டாசோர்ஸ் என்பார்கள். 'புது கிளவுடுக்கு ஆதரவு சேர்ப்பது' என்றால் பெரும்பாலும் இப்படி ஒரு டேட்டாசோர்ஸ் எழுதி, அதைச் சோதித்து, கிளவுட்-இனிட்டைப் பராமரிக்கும் பொறுப்பாளர்கள் ஏற்றுக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவருவதுதான்.

வழிகாட்டியோடு செய்யும் மாணவர் திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. எல்லை தெளிவாக இருக்கும், நிரல் அளவில் சிறியது. ஆனால் கணினி எழும் வரிசை, நெட்வொர்க், பாதுகாப்பு மூன்றையும் தொட்டே ஆக வேண்டும். நான் மாணவனாக இருந்தபோது இதுபோன்ற ஒன்றைச் செய்தேன். பிறகு சிலருக்கு வழிகாட்டியாகவும் இருந்தேன். அவர்களிடம் முதல் நாளே சொன்னது ஒன்றுதான்: உங்கள் நிரல் உங்கள் கிளவுடில் வேலை செய்வது பாதி வேலை. மற்ற எல்லா இடங்களிலும் அது யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கி நிற்பது மீதிப் பாதி. அந்த இரண்டாவது பாதியை வைத்துத்தான் உங்கள் வேலையை எடைபோடுவார்கள்.

எந்தத் திட்டம், எப்போது

கட்டற்ற மென்பொருள் அமைப்புகளில் வழிகாட்டியோடும் உதவித்தொகையோடும் வேலை செய்யும் திட்டமான கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005இல் தொடங்கியது. 2022 முதல் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் என்றில்லாமல், 18 வயது நிறைந்த, கட்டற்ற மென்பொருளுக்குப் புதியவரான யாரும் விண்ணப்பிக்கலாம். திட்டங்கள் ஏறக்குறைய 90, 175, 350 மணி நேரம் என மூன்று அளவுகளில் இருக்கும். வழக்கமான காலம் 12 வாரம். வழிகாட்டி ஒப்புக்கொண்டால் நீட்டிக்கவும் முடியும். அதைப் போன்ற இன்னொரு திட்டமான அவுட்ரீச்சி ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அதில் விண்ணப்பக் காலத்திலேயே ஏதாவது ஒரு பங்களிப்பைச் செய்து காட்டியாக வேண்டும். டெபியன், ஃபெடோரா, ஓப்பன்சூசே, ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி எல்லாம் சம்மர் ஆஃப் கோடில் பங்கேற்றுவந்த அமைப்புகள். இவற்றில் கிளவுட் சார்ந்த வேலை எதை எடுத்தாலும் கிளவுட்-இனிட்டோ, அதைப் போன்ற ஒன்றோ குறுக்கே வரும்.

நம் பக்கத்து மாணவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சம்மர் ஆஃப் கோட் விண்ணப்பக் காலம் பெரும்பாலும் மார்ச் பாதிக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடையில் வரும். முடிவு ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ வரும். நம் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு நடக்கும் காலமும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் படிக்க வேண்டிய நிரலைப் படிப்பது, முதல் சிறு பங்களிப்பைச் செய்வது, பொறுப்பாளர்களோடு பேசிப் பழகுவது எல்லாவற்றையும் ஜனவரி, பிப்ரவரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தேர்வுத் தேதிகளையும் விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். எந்த வழிகாட்டியும் அதைக் குறையாக நினைக்க மாட்டார். சொல்லாமல் இரண்டு வாரம் காணாமல் போவதுதான் அவருக்குக் கஷ்டம்.

முதலில் பயனராக இருங்கள்

ஒரு வரி எழுதுவதற்கு முன், கிளவுட்-இனிட்டை உங்கள் மடிக்கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். கிளவுட் கணக்கு தேவையில்லை, பணமும் செலவாகாது. கணினிக்குள் மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஈமு என்ற மென்பொருளை நிறுவியிருந்தால் போதும்.

உபுண்டுவின் கிளவுட் இமேஜ் ஒன்றைப் பதிவிறக்குங்கள். யூசர்-டேட்டா (பயனர் கேட்கும் அமைப்புகள்), மெட்டா-டேட்டா (சர்வரைப் பற்றிய தகவல்) என்று இரண்டு சிறு கோப்புகளை எழுதுங்கள். இரண்டின் பெயரும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், நடுவில் சிறுகோட்டோடு இருக்க வேண்டும். முதல் கோப்பின் முதல் வரி ஹேஷ் குறியோடு ஒட்டி வரும் கிளவுட்-கான்ஃபிக் என்ற சொல்லாக இருக்க வேண்டும். அதை மறந்தால் கீழே எழுதிய எதுவும் அமைப்பாக எடுத்துக்கொள்ளப்படாது. இரண்டாவதில் ஒரு இன்ஸ்டன்ஸ் ஐடியும் (இந்த சர்வருக்கான அடையாளம்) ஹோஸ்ட் பெயரும் (சர்வரின் பெயர்) கொடுங்கள். இரண்டையும் ஒரு ஐஎஸ்ஓ கோப்பாக்கி, அதன் லேபிளை சிஐடேட்டா என்று வையுங்கள். அந்த ஐஎஸ்ஓவை இரண்டாவது வட்டாகச் சேர்த்து இமேஜைத் தொடங்குங்கள். லேபிளைப் பார்த்ததும் கிளவுட்-இனிட் அதைத் தன் தகவல் வட்டு என்று அடையாளம் கண்டுகொள்ளும். நோகிளவுட் என்ற டேட்டாசோர்ஸ் வேலை செய்வது இப்படித்தான்.

உள்ளே நுழைந்ததும் வார் கோப்புறையின் லாக் பகுதியில் இருக்கும் கிளவுட்-இனிட் பதிவை முதல் வரியிலிருந்து கடைசி வரை படியுங்கள். நீளமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள். நெட்வொர்க் வருவதற்கு முன் ஒரு கட்டம், வந்த பின் ஒரு கட்டம், அமைப்புகளுக்கு ஒன்று, கடைசி வேலைகளுக்கு ஒன்று என்று வேலை பிரிந்து நடப்பது அதில் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு சோதனை. சர்வரை அணைத்து, மெட்டா-டேட்டாவில் இன்ஸ்டன்ஸ் ஐடியை மட்டும் மாற்றி மறுபடி தொடங்குங்கள். எஸ்எஸ்எச்சில் நுழைய முயன்றால், சர்வர் தன்னை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் சாவி மாறிவிட்டது என்று எச்சரிக்கை வரும். ஐடி மாறியதும் கிளவுட்-இனிட் இதைப் புது சர்வராக எண்ணி, பழைய சாவிகளை நீக்கிவிட்டுப் புதியவற்றை உருவாக்கியிருக்கிறது. இந்த ஒரு சோதனை எத்தனையோ ஆவணங்கள் சொல்லாததைச் சொல்லிக்கொடுக்கும். நீங்கள் சேர்க்கப்போகும் கிளவுட் ஒவ்வொரு முறை எழும்போதும் வேறு ஐடி கொடுத்தால், பயனருக்குத் தினமும் அந்த எச்சரிக்கை வரும். மாறாக, ஒரு சர்வரின் நகலெடுத்து இன்னொன்றை உருவாக்கும்போதும் பழைய ஐடியே வந்தால், இரண்டு சர்வர்கள் ஒரே ரகசியச் சாவியோடு உலவும். ஐடி என்பது வெறும் எண் இல்லை என்பது அப்போது விளங்கும்.

இரண்டு டேட்டாசோர்ஸ்களைப் படியுங்கள்

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். ஒரு சிறியது, ஒரு பெரியது போதும். சிறியதற்கு ஹெட்ஸ்னர் என்ற கிளவுட் நிறுவனத்துக்கான கோப்பை எடுத்துக்கொள்ளலாம். ஒரே உட்காரலில் படித்துவிடலாம். நான் ஹெட்ஸ்னர் சர்வரா என்று பார்க்கிறது, டிஎச்சிபி வழியாக (நெட்வொர்க்கே முகவரி கொடுக்கும் முறை) தற்காலிகமாக ஒரு முகவரி வாங்குகிறது, தகவலைக் கேட்கிறது, முகவரியை விட்டுவிடுகிறது. நீங்கள் எழுதப்போவதன் எலும்புக்கூடு கிட்டத்தட்ட இதுதான்.

பெரியதற்கு அமேசானின் கிளவுட் சர்வர் சேவையான ஈசி2. அதில் அமேசான் மட்டும் இல்லை. ஈசி2 போலவே பேசும் வேறு சில கிளவுட்களும் அதே கோப்பில் வருகின்றன. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த விதிவிலக்குகள் அங்கே நிறைய உண்டு. விளங்காத ஒரு வரி வந்தால், நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றில் அந்த வரியைச் சேர்த்த கமிட்டை (மாற்றப் பதிவு) தேடிப் படியுங்கள். ஏன் என்பது பெரும்பாலும் கமிட் செய்தியில்தான் இருக்கும், நிரலில் இருக்காது. என்னைக் கேட்டால், நிரலைப் படிக்கும் நேரத்தில் பாதியை வரலாற்றைப் படிக்கக் கொடுக்கலாம்.

'நான் எங்கே இருக்கிறேன்?'

இந்தப் படியில்தான் நிதானமாக நிற்க வேண்டும்.

பல கிளவுட்கள் 169.254.169.254 என்ற முகவரியில் தகவல் கொடுக்கின்றன. சர்வருக்கு உள்ளிருந்து மட்டும் எட்டக்கூடிய முகவரி அது. புதிதாக வருபவர் உடனே நினைப்பது: அந்த முகவரியைக் கேட்டுப் பார்க்கலாம், பதில் வந்தால் நம் கிளவுட், வராவிட்டால் இல்லை. பார்க்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு ஆபத்து உண்டு.

முதலாவது, காத்திருப்பு. பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் கேள்வி கேட்டால் நேரம் முடியும்வரை நின்றாக வேண்டும். ஈசி2 டேட்டாசோர்ஸின் இயல்பான காத்திருப்பு எல்லை நிமிடக் கணக்கில் இருக்கும். ஒருவர் தன் வீட்டுக் கணினியிலோ அலுவலக சர்வரிலோ அதே இமேஜைப் போட்டால், அமேசானோடு தொடர்பே இல்லாத அவர் அந்த நேரம் முழுவதும் கருந்திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். ஒவ்வொரு டேட்டாசோர்ஸும் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த சர்வரும் நேரத்துக்கு எழாது.

இரண்டாவது, பாதுகாப்பு. யூசர்-டேட்டாவில் வரும் ஸ்கிரிப்ட் ரூட் அதிகாரத்தோடு, அதாவது சர்வரில் எதையும் செய்யும் உரிமையோடு ஓடும். 'நான் யார், சொல்லுங்கள்' என்று நெட்வொர்க்கில் கூவினால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் யாரோ ஒருவர் பதில் சொல்லிவிடலாம். சொன்னவர் கையில் சர்வர் முழுதும் போய்விடும்.

அதனால்தான் நெட்வொர்க்கைத் தொடாமலே அடையாளம் காண வேண்டும் என்று பொறுப்பாளர்கள் வலியுறுத்துகிறார்கள். அதற்கான வழி டிஎம்ஐ. மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் நிறுவனப் பெயர், மாடல், வரிசை எண் போல, மெய்நிகர் இயந்திரத்துக்கும் மின்னணுச் சீட்டு ஒன்று உண்டு. லினக்ஸில் சிஸ் கோப்புறைக்குள் டிஎம்ஐ என்ற பகுதியில் அதைப் படிக்கலாம். ஹெட்ஸ்னரிலும் டிஜிட்டல்ஓஷனிலும் உற்பத்தியாளர் பெயர் என்ற இடத்தில் அந்தந்த நிறுவனத்தின் பெயரே இருக்கும். கூகுளில் பொருளின் பெயராக கூகுள் கம்ப்யூட் எஞ்சின் என்று வரும். அஸூரில் இருப்பது ஒரு நீண்ட எண்: 7783-7084-3265-9085-8269-3286-77. முதலில் பார்க்கும்போது பொருளற்ற வரிசை போலத் தோன்றும். இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து ஆஸ்கி எழுத்துகளாக மாற்றிப் பாருங்கள். 77 எம், 83 எஸ், 70 எஃப், 84 டி. மைக்ரோசாஃப்டின் சுருக்கம், பிறகு அஸூர், பிறகு விஎம் என்று வரும். இதை ஒருமுறை கையால் பிரித்துப் பார்த்த மாணவர் டிஎம்ஐயை அதன்பின் மறக்க மாட்டார்.

கிளவுட்-இனிட்டில் இந்த அடையாள வேலை இரண்டு இடத்தில் நடக்கிறது. பைத்தான் தொடங்குவதற்கும் முன்பே, கணினி எழும் தொடக்கத்தில், டிஎஸ்-ஐடென்டிஃபை என்ற ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய சிறு நிரல்) ஓடுகிறது. வேகம் வேண்டும் என்பதால் ஷெல். எந்த டேட்டாசோர்ஸும் பொருந்தவில்லை என்றால் கிளவுட்-இனிட்டையே அது அணைத்துவைக்கும். பிறகு பைத்தான் டேட்டாசோர்ஸும் தன் பங்குக்கு ஒருமுறை சரிபார்க்கும். புதியவர்கள் பலரும் பைத்தான் கோப்பை மட்டும் எழுதிவிட்டு, ஏன் ஓடவே இல்லை என்று நாள் முழுக்கத் தேடுவார்கள். ஷெல் ஸ்கிரிப்டில் பெயரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். இயல்பான டேட்டாசோர்ஸ் பட்டியலிலும் பெயர் சேர வேண்டும். அதையும் பாருங்கள்.

சரி, நீங்கள் எடுத்த கிளவுடில் டிஎம்ஐ வெறுமையாக, கியூஈமு என்று மட்டும் சொன்னால்? நிரலால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அந்த கிளவுட் நிறுவனத்தின் தொழில்நுட்பக் குழுவுக்கு எழுதி, சீட்டில் தங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். அவர்கள் பக்கம் அது சிறிய அமைப்பு மாற்றம்தான். ஆனால் எல்லா சர்வர்களுக்கும் போய்ச்சேர மாதங்கள் ஆகலாம். திட்டம் தொடங்குவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

விசாரணைப் பட்டியல்

அந்த கிளவுடில் மிகச் சிறிய சர்வர் ஒன்றை எடுத்து, உள்ளே நுழைந்து, பின்வருவனவற்றுக்குக் கையால் பதில் தேடுங்கள். தகவல் எச்டிடிபியில் வருகிறதா, வட்டில் வருகிறதா? ஒரே ஜேசன் கோப்பா, பகுதி பகுதியாகவா? கேட்கும்போது தனித் தலைப்பு (ஹெடர்) ஏதாவது அனுப்ப வேண்டுமா? கூகுள் அப்படி ஒன்றைக் கேட்கும். யூசர்-டேட்டா அப்படியே வருகிறதா, பேஸ்64 என்ற குறியாக்கத்தில் சுற்றி வருகிறதா? இன்ஸ்டன்ஸ் ஐடி மறுதொடக்கத்துக்குப் பின் அதேதானா? நகல் எடுத்தால் மாறுகிறதா? ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) மட்டும் உள்ள சர்வரில் தகவலை எட்ட முடிகிறதா?

நெட்வொர்க் கேள்விகள் தனி. சில கிளவுட்களில் டிஎச்சிபியே எல்லாம் கொடுத்துவிடும். சிலவற்றில் கூடுதல் முகவரிகளும் ஐபிவி6உம் மெட்டா-டேட்டாவில் மட்டும் இருக்கும். ஹெட்ஸ்னர் கிளவுடில் சர்வரின் முகவரி தனி ஒன்றாக, /32 அளவில், அதாவது அந்த ஒரு முகவரி மட்டுமே உள்ள நெட்வொர்க்காக வரும். வெளியே போகும் வழியான கேட்வே 172.31.1.1. முகவரிக்கும் கேட்வேக்கும் ஒரே நெட்வொர்க் என்ற பாடப்புத்தகக் கணக்கு இங்கே பொருந்தாது. கேட்வே நேரடியாக அந்த இணைப்பிலேயே இருக்கிறது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டும். இன்னொன்று: நெட்வொர்க் கார்டை அதன் பெயரால் அடையாளம் காணாதீர்கள். ஒரே கார்டுக்கு ஒரு லினக்ஸில் ஒரு பெயரும் இன்னொன்றில் வேறு பெயரும் வரும். கார்டின் வன்பொருள் முகவரியான மேக் முகவரிதான் நம்பத்தகுந்தது.

இந்தப் பதில்களை ஒரு பக்கத்தில் எழுதிவைத்தால், விண்ணப்பத்தின் பாதி எழுதப்பட்டுவிட்டது என்று பொருள். மற்றவர்கள் 'கிளவுட்-இனிட் ஒரு முக்கியமான மென்பொருள்' என்று முதல் பத்தியைத் தொடங்கும்போது, நீங்கள் 'இந்த கிளவுடில் ஐபிவி6 முகவரி டிஎச்சிபியில் வருவதில்லை, இதோ சான்று' என்று தொடங்குவீர்கள். தேர்ந்தெடுக்கும் இடத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

விண்ணப்பத்தில் மறக்கக் கூடாதவை

சோதனைக்கான கிளவுட் கணக்கு யாருடையது, செலவை யார் ஏற்பார் என்பதை எழுதுங்கள். என் முதல் திட்டத்தில் இதைக் கேட்காமல் விட்டேன். வேலை தொடங்கியபின்தான் கணக்கு கேட்டேன், அனுமதி பல கை மாறி வருவதற்குள் இரண்டு வாரம் போய்விட்டது. 12 வாரத்தில் இரண்டு வாரம் பெரிய இழப்பு. உங்கள் சொந்த அட்டையை மட்டும் நம்பித் திட்டமிடாதீர்கள்.

வாரத் திட்டத்தில் கடினமானதை முன்னே வையுங்கள். அடையாளம் காண்பதும் நெட்வொர்க்கும் முதல் நான்கு வாரத்துக்குள் வந்துவிட வேண்டும். ஆவணம் எழுதுவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் கூடவே எழுதிவாருங்கள். பங்களிப்பாளர் ஒப்பந்தமும் உண்டு. கிளவுட்-இனிட்டுக்கு கனானிக்கலின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். கல்லூரியோ வேலை செய்யும் இடமோ உங்கள் நிரலுக்கு உரிமை கோருமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது

முழுவதையும் எழுதிமுடித்து ஒரே பெரிய புல் ரிக்வெஸ்டாக (மாற்றத்தைச் சேர்க்கும்படி கேட்கும் கோரிக்கை) போட வேண்டாம். ஆயிரம் வரியைப் பார்த்ததும் எந்தப் பொறுப்பாளரும் நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒத்திவைப்பார். அடையாளம் காண்பது, தகவலைப் படிப்பது, நெட்வொர்க் அமைப்பு, ஆவணம் என்று தனித்தனி கமிட்களாகப் பிரியுங்கள். அவற்றைத் தனித்தனி ரிக்வெஸ்டாக அனுப்புவதா, ஒன்றுக்குள் வரிசையாக வைப்பதா என்பது அந்தந்தத் திட்டத்தின் வழக்கம். பாதி எழுதிய டேட்டாசோர்ஸை முதன்மைக் கிளையில் சேர்க்க விரும்பாதவர்களும் உண்டு. வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.

டெஸ்ட்டுகளை நிரலோடு சேர்த்தே எழுதுங்கள். உண்மையான சர்வரிலிருந்து எடுத்த மெட்டா-டேட்டாவை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் இருக்கும் சாவிகள், கடவுச்சொற்கள், முகவரிகள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத்தான். 'ஆம், இது என் கிளவுட்' என்று சொல்லும் டெஸ்ட்டை எல்லோரும் எழுதுவார்கள். 'இல்லை, இது என் கிளவுட் இல்லை' என்று சொல்லும் டெஸ்ட்டுகளை அதைவிட அதிகமாக எழுதுங்கள். சீட்டு வெறுமையாக இருந்தால், வேறு நிறுவனப் பெயர் இருந்தால், பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தால், தகவல் சேவை பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பழைய லினக்ஸ் பதிப்புகளிலும் இதே நிரல் ஓட வேண்டும். அதனால் புதிய பைத்தானில் மட்டும் கிடைக்கும் வசதிகளைப் பயன்படுத்தாதீர்கள். தானியங்கிச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்.

போலிக் கிளவுடும் உண்மைக் கிளவுடும்

ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் உண்மையான கிளவுடில் சர்வர் தொடங்கினால் நேரமும் பணமும் கரையும். அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கியூஈமுவில் டிஎம்ஐ சீட்டின் விவரங்களை நாமே கொடுக்க முடியும். எஸ்எம்பயாஸ் என்ற விருப்பத்தில் உற்பத்தியாளர் பெயராக உங்கள் கிளவுடின் பெயரைக் கொடுங்கள். உள்ளே எழும் சர்வர் தான் அங்கேதான் இருப்பதாக நம்பும். உங்கள் மடிக்கணினிக்கு 169.254.169.254 என்ற முகவரியைக் கூடுதலாகக் கொடுத்து, சேகரித்த மெட்டா-டேட்டாவைப் பரிமாறும் சிறிய பைத்தான் சர்வர் ஒன்றை அதில் ஓட்டுங்கள். மெய்நிகர் இயந்திரம் அனுப்பும் கேள்வி கேட்வே வழியாக உங்களிடமே வரும். ரயிலில் இணையம் இல்லாமல்கூட வேலை பார்க்கலாம். பதிலைத் தாமதப்படுத்தலாம், அரைகுறையாக அனுப்பலாம், 500 பிழை கொடுக்கலாம். உண்மையான கிளவுடில் இவற்றை வேண்டும்போது வரவழைக்க முடியாது.

இது சரியாக வந்தபின் உண்மைக் கிளவுடுக்குப் போங்கள். உங்கள் நிரலைப் பொதியாக்கி நிறுவி, கிளவுட்-இனிட்டின் கிளீன் கட்டளையால் பழைய நினைவுகளை அழித்து, மறுதொடக்கம் செய்தால் முதல் முறை எழுவது போலவே எழும். நகல் எடுத்துப் புது சர்வர் உருவாக்கியும் பாருங்கள்.

அதே பொதியை உங்கள் கிளவுட் அல்லாத இரண்டு மூன்று இடங்களிலும் போட்டுப் பாருங்கள். எந்தப் பகுதி எத்தனை வினாடி எடுத்தது என்று அனலைஸ் கட்டளை காட்டும். உங்கள் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அந்த எண்களைக் குறித்து, புல் ரிக்வெஸ்டிலேயே எழுதுங்கள். பொறுப்பாளர் கேட்பதற்கு முன்பே இதைக் கொடுக்கும் மாணவருக்கு மதிப்பாய்வு வேகமாக நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. பல கிளவுட்களில் சர்வரை அணைத்துவைத்தாலும் கட்டணம் ஓடும். வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள், நகல்களையும் சேர்த்து. இன்னொன்று, பதிவுகளை அப்படியே பொதுவில் ஒட்டாதீர்கள். யூசர்-டேட்டாவில் கடவுச்சொல் இருக்கலாம்.

மெட்டா-டேட்டாவின் மதிப்பை உணர ஒரு சம்பவம் போதும். 2019இல் கேபிடல் ஒன் வங்கியின் தரவுக் கசிவில், வெளியிலிருந்து ஒருவர் ஒரு சர்வரை ஏமாற்றி, அதை அந்த 169.254 முகவரியிடம் கேட்கவைத்துத் தற்காலிகச் சாவிகளைப் பெற்றார். அமெரிக்காவில் ஏறக்குறைய 10 கோடிப் பேரின் தகவல் பாதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அமேசான், முதலில் ஒரு டோக்கன் வாங்கிய பிறகே தகவல் தரும் இரண்டாம் பதிப்பை அறிமுகம் செய்தது. ஈசி2 கோப்பில் டோக்கன் வாங்கும் பகுதி இதற்காகத்தான். உங்கள் கிளவுட் அப்படி ஒன்றை வைத்திருந்தால், பழைய வழியில் கேட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

கிளவுட்-இனிட் இல்லாத இடங்களில்

ஃபெடோரா கோர்ஓஎஸ் வேறு வழியில் போகிறது. அங்கே இக்னிஷன் என்ற மென்பொருள் முதல் முறை எழும்போது மட்டும், முதன்மை வட்டு ஏற்றப்படுவதற்கு முந்தைய இனிட்ராம்எஃப்எஸ் கட்டத்திலேயே, எல்லாவற்றையும் அமைத்துவிடும். ஆஃப்டர்பர்ன் என்பது சாவி, ஹோஸ்ட் பெயர் போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும். முன்னது கோ மொழியில், பின்னது ரஸ்டில். ஒவ்வொரு கிளவுடுக்கும் தனி இமேஜ் உண்டு, எந்த கிளவுட் என்பது கெர்னல் கட்டளை வரியிலேயே எழுதியிருக்கும். 'நான் எங்கே இருக்கிறேன்' என்று கேட்கவே வேண்டாம். அதற்குப் பதில், ஒவ்வொரு கிளவுடுக்கும் இமேஜ் உருவாக்கிப் பதிவேற்றும் வேலை கூடுகிறது.

இமேஜ் வேலை உங்கள் திட்டத்தில் இருந்தால், வடிவத்தைக் கவனியுங்கள். கூகுளுக்கு ரா வட்டை டார் கோப்பில் சுருட்டிக் கொடுக்க வேண்டும். அஸூருக்கு நிலையான அளவுள்ள விஎச்டி வட்டுக் கோப்பு, அளவு 1 எம்ஐபியின் (1,048,576 பைட்) முழு மடங்காக இருக்க வேண்டும். வட்டு, நெட்வொர்க் டிரைவர்கள் உள்ளே இருக்கின்றனவா, சீரியல் கன்சோல் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வர் எழாதபோது அந்தக் கன்சோல்தான் ஒரே சன்னல்.

வழிகாட்டியோடு

வழிகாட்டி ஜெர்மனியில் இருந்தால் கோடையில் நமக்கும் அவருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். நம் பிற்பகல்தான் அவருடைய காலை. அமெரிக்கா என்றால் ஒரு கேள்விக்குப் பதில் மறுநாள்தான். அதனால் கேள்வியை முழுதாக அனுப்புங்கள். என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, பதிவின் எந்த வரி சந்தேகமாக இருக்கிறது. 'ஹாய், ஒரு டவுட்' என்று மட்டும் அனுப்பிக் காத்திருந்தால் ஒரு நாள் போய்விடும். ஒரே இடத்தில் அரை நாளுக்கு மேல் சிக்கினால் கேட்டுவிடுங்கள். நம்மில் பலருக்குக் கேட்பதில் கூச்சம் இருக்கிறது. ஆசிரியரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பழகியவர்கள் நாம். இங்கே கேள்வி கேட்பதும் வேலையின் ஒரு பகுதி. முடிந்தவரை தனிச்செய்தியில் கேட்காமல் பொது இடத்தில் கேளுங்கள். வழிகாட்டி தூங்கும் நேரத்தில் வேறொருவர் பதில் சொல்வார்.

மதிப்பாய்வில் முப்பது குறிப்புகள் வந்தால் மனம் தளரும். ஆனால் அக்கறையில்லாதவர் முப்பது குறிப்புகள் எழுத மாட்டார். ஒவ்வொன்றுக்கும் திருத்தம் செய்தோ, ஏன் செய்யவில்லை என்று காரணம் சொல்லியோ பதில் எழுதுங்கள். காரணம் சரியாக இருந்தால் பொறுப்பாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஏற்றுக்கொண்ட பின்

முதன்மைக் கிளையில் சேர்ந்த அன்றே உங்கள் நிரல் பயனர்களிடம் போய்விடாது. அடுத்த வெளியீடு வர வேண்டும். பிறகு ஒவ்வொரு லினக்ஸும் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நீண்ட கால ஆதரவு உள்ள உபுண்டு பதிப்புகளுக்குப் போக, உண்மைக் கிளவுடில் சோதித்த சான்று தனியாகக் கேட்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் உதவித்தொகைக் காலம் முடிந்து, அடுத்த செமஸ்டர் தொடங்கியிருக்கும். அதற்கு முன்பே, கிளவுட் நிறுவனத்தின் பக்கம் தொடர்புக்கு ஒருவரை ஏற்பாடு செய்து, அவர் ஒப்புதலோடு அவரைப் பொறுப்பாளர்களுக்கு அறிமுகப்படுத்திவிடுங்கள். சோதனை சர்வரைத் தொடங்கும் முறையையும், போலி மெட்டா-டேட்டா சர்வரின் நிரலையும் உங்கள் மடிக்கணினியில் விட்டுவிடாமல், அடுத்தவர் எடுத்து ஓட்டும்படி களஞ்சியத்திலோ ஆவணத்திலோ வையுங்கள். கிட்ஹப் அறிவிப்புகளில் உங்கள் டேட்டாசோர்ஸின் பெயர் வரும்போது உங்களுக்கு மின்னஞ்சல் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். முதல் பக் அறிக்கை சில மாதங்களில் வரும், அதில் இணைத்திருக்கும் பதிவை முதல் வரியிலிருந்து படியுங்கள்.